மருத்துவச்சி வீட்டில் எத்தனை முழம் துணி இருக்கிறது?

நான் எழுதப்போகும் கதையின் அமைப்பு இவ்வளவுதான். இரண்டு அரசுகளுக்கு நடுவே ஓர் ஆற்றங்கரை ஊர். போர்க்களம் ஒரு நாள் நடைதூரம். ஊரில் பிரசவம் பார்ப்பவளும் புண்ணுக்குக் கட்டுப் போடுபவளும் ஒரே பெண்தான். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பெண், எட்டு மாதத்தில் ஒரு கைக்குழந்தை. மந்திரம் கொஞ்சம் தெரியும், எல்லாருக்கும் எட்டாது. முதல் நாள் மாலை இருபது பேரை வண்டிகளில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். இப்படிப்பட்ட கதைகளில் நீங்கள் ஒவ்வொருவரும் எதிர்கொண்ட பிழைகளையும், அந்த இடத்தில் அவள் உண்மையில் என்ன செய்வாள் என்பதையும், அவள் மந்திரத்தை எங்கே வைப்பது என்பதையும் சொல்லுங்கள். மூலிகைப் பட்டியல் வேண்டாம், அது நிறைய இருக்கிறது.

*

அவசர சிகிச்சைப் பக்கத்திலிருந்து முதலில் ரத்தத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கதைகளில் மருத்துவச்சி, கத்துகிறவனிடம்தான் ஓடுகிறாள். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. சத்தமே இல்லாமல், முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, கை சில்லிட்டுக் கிடப்பவனைத்தான் அவள் முதலில் தேட வேண்டும். வளர்ந்த ஆளுக்கு உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். 2 லிட்டர் போனால் உயிர் ஊசலாடும்.

தொடையின் பெரிய தமனி அறுந்தவன் சில நிமிடங்களில் போய்விடுவான். ஒரு நாள் வண்டிப் பயணம் தாண்டி அவன் ஊருக்கு வரவே மாட்டான். ரத்தம் பீறிட்டபடி வீரன் வாசலில் வந்து விழும் காட்சி, சண்டை ஊருக்குள் நடந்தால்தான் பொருந்தும். களத்திலிருந்து வருபவனுக்கு யாரோ ஏற்கெனவே கயிறு கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டுதான் அவளுக்கு முதல் சிக்கல். நாழிகைக் கணக்கில் சொன்னால் (ஒரு நாழிகை 24 நிமிடம்) இறுக்கிக் கட்டி 5 நாழிகை தாண்டினால் தசையும் நரம்பும் கெடத் தொடங்கும். 15 நாழிகை ஆனால் அந்தக் கால் பெரும்பாலும் போனதுதான். அப்போது பாவம் என்று கட்டை அவிழ்த்தால், செத்த தசையில் தேங்கிய நஞ்செல்லாம் ஒரேயடியாக உடம்புக்குள் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். அவிழ்க்காமல் காலை வெட்டி எடுப்பதா, காலோடு சேர்த்து ஆளை இழப்பதா என்பதுதான் அவள் முன் உள்ள கேள்வி.

ஊரிலேயே கட்டுப் போட வேண்டி வந்தால், காயத்துக்கு மூன்று விரல் மேலே, மூட்டின் மேல் படாமல், மூன்று விரல் அகலத் துணி. முடிச்சுக்குள் குச்சி செருகி முறுக்க வேண்டும். மெல்லிய கயிறு சதையை அறுக்கும். அரைகுறையாக முறுக்கினால் மேலே போகும் ரத்தம் மட்டும் தடைபட்டு, உள்ளே வரும் ரத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒழுக்கு முன்பைவிடக் கூடும். கட்டுப் போட முடியாத இடங்களில், கவட்டை, அக்குள், தோள் போன்ற இடங்களில், துணியைக் காயத்தின் அடிவரை விரலால் திணித்து அரை நாழிகை எடுக்காமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. உறைய ஆரம்பித்தது பிய்ந்துவிடும்.

*

மேலே ரத்தத்தைப் பற்றிச் சொன்ன அக்காவின் துணியிலிருந்தே தொடர்கிறேன். கதைகளில் துணி தீருவதே இல்லை.

ஒரு எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் நான்கு விரல் அகலமாகக் கிழித்தால் பதினாறு பட்டைகள் வரும். இருபது பேருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு கட்டு என்றாலும் ஒரு வேட்டி போதாது. அடியில் வைக்கும் பஞ்சும் துணியும் தனி. ஆகவே மூன்றாம் நாளே பழைய கட்டுகளைத் துவைத்துத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து ரத்தத்தை எடுக்க வேண்டும். நேரே கொதிநீரில் போட்டால் ரத்தம் நூலிலேயே இறுகிவிடும். பிறகு சாம்பல் தண்ணீரில் அலசி, ஒரு நாழிகை கொதிக்க வைத்து, தரையில் படாமல் கொடியில் வெயில் பட உலர்த்த வேண்டும். மழைக்காலப் போர் என்றால் இந்தக் கடைசிப் படி நடக்காது. அப்போது புண்கள் சீழ் வைக்கும். மழையை வெறும் சோகப் பின்னணியாக எழுதாமல் இதற்குப் பயன்படுத்தலாம்.

தண்ணீர்: அழுக்கான காயம் ஒன்றைக் கழுவ ஒரு லிட்டராவது வேண்டும், மண்ணும் துணி இழையும் சிக்கியிருந்தால் இரண்டு மூன்று. கொதித்து ஆறிய தண்ணீர், லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினால்தான் உள்ளிருப்பது வெளியே வரும். இருபது பேருக்கு அன்றாடம் இரண்டு அண்டா, அதற்கான விறகு. பாதை அடைபட்டால் உப்பு வராது. உப்பு வராத ஊரில் அவள் எதைக் குறைப்பாள் என்பதை எழுதியவர்கள் மிகக் குறைவு.

இனி தையல். போர்க்காயத்தை அன்றே தைத்து மூடுவது கதைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை. மண்ணும் சாணமும் பட்டு அரை நாள் ஆன காயத்தைத் தைத்தால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். கழுவி, கருத்த சதையை வெட்டி நீக்கி, ஈரத்துணியை லேசாக நிரப்பித் திறந்தே விட வேண்டும். நான்காம் ஐந்தாம் நாள் உள்ளே செக்கச் சிவந்த சதை, சீழ் இல்லை, நாற்றம் இல்லை என்றால் அப்போது தைக்கலாம். முகமும் மண்டைத் தோலும் விதிவிலக்கு. ரத்த ஓட்டம் மிகுந்த இடம், சீக்கிரம் மூடலாம்.

இரண்டாம் மூன்றாம் நாள் காயத்தைச் சுற்றி வீக்கம் ஏறி, தோல் செம்பு நிறமாகி, அமுக்கினால் உள்ளே நொறுநொறுவென்று காற்றுக் குமிழ் உடைந்தால், அது அழுகல் காற்று. அந்தச் சத்தத்தை ஒருமுறை விரலில் உணர்ந்தவளுக்கு அதற்குமேல் காத்திருக்க ஒன்றுமில்லை என்று தெரியும்.

*

தையலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சேர்க்கை. மீன் தேடிக் குளத்தில் பாய்ந்து மேலெழும் சிரல் பறவையைப் போல வெள்ளூசி புண்ணுக்குள் மூழ்கி எழுவதாகப் பதிற்றுப்பத்து சொல்கிறது. மீன்கொத்தியின் அந்த வேகமான வளைவைப் பார்த்தவர்தான் அதை எழுதியிருக்க முடியும். புண்ணில் வைத்த பஞ்சை இன்னும் எடுக்காத வீரர்கள் புறநானூற்றில் வருகிறார்கள். நம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வெளிநாட்டுத் தொடர்களில் பார்த்த மருத்துவக் கூடத்தை ஏன் கொண்டுவர வேண்டும்?

அம்பு பற்றி. அம்பைப் பிடுங்குவது கதைகளில் ஒரே இழுப்பு. உண்மையில் அம்பின் முனை பல நேரம் தண்டோடு இறுக்கமாக இருக்காது. இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், இரும்பு உள்ளே தங்கும். 1403 ஜூலையில் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி சண்டையில் பதினாறு வயது இளவரசர் ஹென்றிக்கு இதுதான் நடந்தது. மூக்கின் பக்கத்தில் முகத்தில் நுழைந்த அம்பு, தண்டை இழுத்தபின் முனை மட்டும் ஆறு அங்குல ஆழத்தில் எலும்பில் நின்றது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை வைத்தியர் அவசரப்படவில்லை. எல்டர் மரத்தின் உட்சோற்றைச் சிறு குச்சிகளாக்கி, சுத்தமான லினன் சுற்றி, ரோஜாத் தேனில் தோய்த்து, நாளுக்கு நாள் பெரிதான குச்சியைச் செருகி வழியை அகலமாக்கினார். பிறகு தானே வடிவமைத்த இடுக்கியை உள்ளே செலுத்தி, நடுவிலிருந்த திருகைத் திருப்ப, இடுக்கியின் கைகள் முனையின் குழிக்குள் விரிந்து பிடித்துக்கொண்டன. அசைத்து அசைத்து எடுத்தார். வெள்ளை ஒயினால் கழுவி, மருந்தில் தோய்த்த ஆளிநாரை நிரப்பி, நாளுக்கு நாள் அதைச் சிறிதாக்கி, இருபது நாளில் புண்ணை அடியிலிருந்து ஆற்றினார். அந்தப் பையன்தான் பின்னாளில் ஐந்தாம் ஹென்றி.

உங்கள் மருத்துவச்சிக்கு அந்த இடுக்கியைச் செய்துதர ஊர்க் கொல்லர் வேண்டும். கொல்லர் போருக்குப் போயிருந்தால் கதை அங்கே திரும்பும்.

*

பிரசவம் பார்க்கிறவர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இங்கேதான் இந்தப் பாத்திரத்தின் உயிர் இருக்கிறது, ஆனால் எழுதுபவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சீழ்ப்புண்ணைத் தொட்ட கையோடு பிரசவத்துக்குப் போனால் பெற்றவள் சாவாள். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டது இதைத்தான்: பிணம் அறுத்த கையோடு மருத்துவர்கள் வந்த பிரிவில், அந்த ஏப்ரலில் தாய்மாரில் நூற்றுக்கு 18 பேர் செத்தார்கள். சுண்ணாம்பு கலந்த குளோரின் நீரில் கை கழுவச் சொன்னபின் சில வாரங்களில் அது 2 அளவுக்கு இறங்கியது. உங்கள் மருத்துவச்சிக்கு இந்த விளக்கம் தெரிய வேண்டியதில்லை. புண் கட்டும் நாளில் பிள்ளைப்பேறு பார்க்கக் கூடாது என்ற விலக்கு ஒன்று அவள் பாட்டி வழியில் வந்திருந்தால் போதும். போர் அந்த விலக்கை உடைக்கும். இருபது பேரும் ஒரு நிறைமாதக்காரியும் ஒரே கூரைக்குக் கீழ்.

அவளால் செய்யக்கூடியது வேலையை வரிசைப்படுத்துவது. நகத்தை ஒட்ட வெட்டி, சாம்பலும் வெந்நீரும் போட்டு முழங்கை வரை தேய்த்து, முதலில் பிரசவம், பிறகு புதுக்காயம், கடைசியில் சீழ். கள்ளில் கை கழுவுவதால் பயனில்லை, அதில் சாராயச் சத்து மிகக் குறைவு. இரண்டு முறை வடித்தது என்றால் பயன் உண்டு. தொப்புள்கொடியை இரண்டு இடத்தில் கட்டி நடுவே அறுக்க வேண்டும், கத்தியும் நூலும் கொதித்தவையாக இருக்க வேண்டும். அறுத்த இடத்தில் சாணமோ மண்ணோ வைத்தால் ஒரு வாரத்தில் குழந்தை பால் குடிக்க வாய் திறக்காது. நஞ்சுக்கொடி விழுந்தபின் அடிவயிற்றைத் தேய்த்துக் கருப்பையைக் கல் மாதிரி இறுகச் செய்ய வேண்டும். குழந்தையை உடனே மார்பில் விட்டாலும் கருப்பை இறுகும்.

அவளுடைய குழந்தைக்கு வருகிறேன். எட்டு மாதப் பிள்ளை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது குடிக்கும். அரை நாள் புண் கட்டிக்கொண்டு நின்றால் அவளுக்கு மார்பு கல்லாகும், ரவிக்கை நனையும், தொடர்ந்தால் காய்ச்சலோடு பால்கட்டு. சில நாள் இப்படிப் போனால் பாலே குறையும். பால் சுரக்க அன்றாடம் கூடுதலாக ஒரு வேளை உணவளவு வேண்டும். பஞ்சத்தில் அதை எங்கிருந்து எடுப்பாள்? வலிக்கு அபினி கரைத்துக் கொடுக்கும் கதைகளில் அவள் நாக்கில் தொட்டுப் பதம் பார்ப்பதாக எழுதுகிறார்கள். அபினி பாலில் இறங்கும். குழந்தை மயங்கித் தூங்கி மூச்சே குறையும்.

தேனும் அப்படித்தான். புண்ணுக்குத் தேன் நல்லது: நீர்ச்சத்து குறைவு, புளிப்பு, கிருமி வளராது. புண்ணீர் கலந்து நீர்த்தால் வேலை செய்யாது, அதனால் நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆனால் ஒரு வயதுக்குள்ளான குழந்தை நாக்கில் அதே தேனைத் தடவக் கூடாது. தேனில் உறங்கும் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சாகும், உடல் துவண்டுவிடும். இருபது பேரைக் காப்பாற்றிய குடுவை வீட்டுக்குள் எட்டாத உறியில் தொங்க வேண்டும்.

*

எலும்பு பற்றிச் சுருக்கமாக. மூங்கில் தப்பை முறிவுக்கு மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் வீக்கம் ஏறும், ஆகவே முதலில் தளர்வு. விரல் நீலமா, குளிர்ச்சியா, மரத்துப்போச்சா, விரலை நீட்டினால் உயிர்போகிற வலியா என்று இரண்டு நாழிகைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆம் என்றால் நள்ளிரவானாலும் கட்டைத் தளர்த்த வேண்டும். முறிவு கூடினாலும் இறுக்கிய கட்டால் கை சூம்பிப்போவது இங்கேதான். தொடை எலும்பு முறிந்தவனுக்கு வெளியே ஒரு சொட்டு வராமல் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே ஒழுகியிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

*

யாரும் சீதபேதியைச் சொல்லவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு நோயால்தான். படை தங்கிய இடத்துக்குக் கீழே உங்கள் ஊர் அதே ஆற்றில் தண்ணீர் மொள்கிறது. ஒரு வாரத்தில் பேதி வரும்.

1971இல் வங்கதேசப் போர் அகதிகள் மேற்கு வங்கத்தின் பொங்காவ் முகாமில் காலராவில் விழுந்தபோது, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தங்களையே குவளை குவளையாகப் புகட்ட வைத்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு 4க்குக் கீழ் இறங்கியது. அந்தக் கூடாரங்களில் மருத்துவச்சிகளாக நின்றவர்கள் அம்மாக்கள்தான்.

வீட்டு அளவு: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை இல்லாத உலகத்தில் 50 கிராம் அரிசிமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி அதே உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் அரை நாழிகை விட்டு மறுபடி, ஒவ்வொரு கரண்டியாக. பேதியோடு தாய்ப்பாலை நிறுத்துவது பெரிய பிழை.

*

மந்திரத்தை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். அழுக்கான காயத்தை அன்றே தைக்கக் கூடாது என்று மேலே தம்பி சொன்னதிலேயே விடை இருக்கிறது. அவள் மந்திரம் தோலை மூடும், அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் கெஞ்சுகிறார்கள், மூடு என்று. மூடினால் உள்ளே அழுகும் என்று அவளுக்குத் தெரியும். தளபதி ஆணையிடுகிறார், நாளைக்கே இவர்கள் நடக்க வேண்டும் என்று. மூடிய காயங்களோடு நடந்து போனவர்கள் மூன்றாம் நாள் வண்டியில் திரும்புகிறார்கள், தோல் செம்பு நிறத்தில். கையில் திறமை இருப்பதால்தான் அவளுக்குச் சங்கடமே.

*

அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணை மறக்க வேண்டாம். அவளால் முடிந்தவை: ஊசியையும் நூலையும் கொதிக்க வைப்பது, தப்பை போட்டவர்களின் விரல்களைத் தொட்டுப் பார்ப்பது, கஞ்சியைக் கரண்டியால் புகட்டுவது, இறுக்கிய கட்டு எந்த நாழிகையில் போட்டது என்று அவனவன் நெற்றியில் கரியால் கோடு இழுப்பது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே இவையெல்லாம் நடக்கும். இன்னொன்று, ஆறிவிட்டான் என்று எண்ணியவனிடம் எட்டாம் பத்தாம் நாளில் சாப்பாட்டுத் தட்டோடு போவது அவளாகத்தான் இருப்பாள். கழுத்து பிடித்திருக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை என்று அவன் பல்லைக் கடித்தபடி சொன்னால், அவள் தட்டை அங்கேயே வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட ஓட வேண்டும். அது நரம்பிசிவு (டெட்டனஸ்). கதவைச் சாத்தி, விளக்கைத் தணித்து, ஓசைபடாமல் வைத்திருப்பதைத் தவிர அம்மாவிடமும் அதற்கு மருந்து இல்லை.