போக்கரில் நாலு பேர் மிச்சம், கையில் ஏஸும் ஜாக்கியும். நான் கால் பண்ணியது தப்பா?

மாடிவீட்டு மைனர் (தண்டையார்பேட்டை):

வணக்கம். சனிக்கிழமையிலிருந்து இது ஒன்றே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு தடவை ஒன்பது பேர் பாய் விரித்து உட்கார்ந்து டெக்சஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வைத்து ஆடும் போக்கர்) டோர்னமென்ட் ஆடுவோம். காசு கிடையாது. போனில் காசு கட்டி ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் கூட 2025 ஆகஸ்டில் அதைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டம் வந்தபிறகு மாடிக்கு வந்து சேர்ந்தவர்கள்தான். காசிச்செட்டித் தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் சிப், ஆளுக்கு 2000. பந்தயம் அத்தோ, அதுதான் பர்மா நூடுல்ஸ். மூன்று பேர் மிஞ்சியதும் ஆட்டத்தை நிறுத்திவிடுவோம், அதற்கு மேல் பசி விடாது. அந்த மூன்று பேருக்கும் பர்மா பஜாரில் ஓசி அத்தோ. முன்னால் வெளியேறிய ஆறு பேர் பில்லைப் பங்கு போட வேண்டும்.

இப்போது விஷயம். நாலு பேர் மிச்சம். பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் சிப்) 200, 400. ஹார்பரில் வேலை பார்க்கும் அண்ணனிடம் 7200, என்னிடம் 5600, என் சித்தப்பா பையனிடம் 4000, எதிர்வீட்டுச் சின்னவனிடம் வெறும் 1200. சின்னவன் பெரிய பிளைண்ட், சித்தப்பா பையன் சின்ன பிளைண்ட், அண்ணன் பட்டன் (சீட்டுப் போடுகிறவர் இடம்). முதலில் பேச வேண்டியவன் நான். தூக்கிப் பார்த்தால் இஸ்பேட் ஏஸ், டைமன் ஜாக்கி. 1000 என்று ரெய்ஸ் பண்ணினேன், அதாவது ஏற்றிக் கட்டினேன். அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டு "எல்லாம்" என்று தன் சிப் மொத்தத்தையும் தள்ளினார். மற்ற இரண்டு பேரும் ஃபோல்டு, சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள்.

நான் அவசரப்படவில்லை. கால் பண்ண, அதாவது அவர் கட்டியதற்கு ஈடு கட்ட, இன்னும் 4600 போட வேண்டும். அண்ணனுடையதில் என் அளவுக்கு 5600தான் கணக்கில் வரும். அதோடு என் 1000, பிளைண்ட் 600. ஆக நடுவில் 7200. மொத்தம் 11,800 ஆகப்போகிற இடத்தில் என் பங்கு 4600 என்றால் 39 சதவீதம் ஜெயித்தாலே போதும். கால் பண்ணினேன். அவர் காட்டியது ஒன்பது ஜோடி (இரண்டு ஒன்பது). அதற்கு எதிராக என் கைக்கு 44, 45 சதவீதம் உண்டு. ஃபிளாப்பில் (நடுவில் முதல் மூன்று சீட்டு) ராணி, 6, 3. டர்னில் (நாலாவது சீட்டு) 10. நாலு ராஜா, மூணு ஏஸ், மூணு ஜாக்கி, எது வந்தாலும் எனக்குத்தான். ரிவரில் (கடைசிச் சீட்டு) வந்தது 2. நான் அவுட்.

சின்னவன் ஓசியில் அத்தோ தின்றுவிட்டு, என் முன்னாலேயே இரண்டாவது பேஜோவும் (இன்னொரு பர்மா பலகாரம்) சொன்னான். என் பங்கு 120 ரூபாய். போனால் போகிறது. ஆனால் கணக்குப்படிதானே ஆடினேன்? வெறும் நேரம் சரியில்லை என்று விட்டுவிடலாமா?

கணக்குப்பிள்ளை (பெரம்பூர்):

கணக்கு சரிதான் தல. 39 வேண்டிய இடத்தில் 44 இருந்தால் கால் பண்ண வேண்டியதுதான். அண்ணன் ஏஸ் ராணியோ ஏஸ் ராஜாவோ வைத்திருந்தால் நீங்கள் 26 சதவீதத்துக்குப் போயிருப்பீர்கள், அதையும் சேர்த்து யோசிக்கணும். ஆனால் நாலு பேர் ஆட்டத்தில் பட்டனிலிருந்து சின்ன ஜோடிகளை வைத்துக்கூடத் தள்ளுவார்கள். நேரம் சரியில்லை, அவ்வளவுதான். நூறு தடவை இதே கை வந்தால் நூறு தடவையும் கால்.

வியாசை ஸ்டிரைக்கர் (வியாசர்பாடி):

பெரம்பூர்க்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். மைனர் எழுதியதில் முக்கியமான வரி "மூன்று பேர் மிஞ்சியதும் ஆட்டத்தை நிறுத்திவிடுவோம்" என்பது. அதைத் தாண்டிப் போய் ஏஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் கேரம் ஆடி வளர்ந்தவன். கேரம் சாம்பியன் இளவழகி எங்கள் வியாசர்பாடி, 2024ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டை. ஆகவே கேரம் பாஷையிலேயே சொல்கிறேன். 25 பாயிண்ட் ஆட்டத்தில் 21 வரை ரெட்டுக்கு 3 பாயிண்ட் உண்டு. 22 தொட்டுவிட்டால் ரெட்டைப் போட்டு ஃபாலோ பண்ணினாலும் அந்த 3 கிடைக்காது. அதற்குமேல் ரெட்டுக்காகக் கஷ்டமான கட் அடிக்கிறவனை எங்கள் கிளப்பில் பக்கத்தில் உட்கார வைத்துத் திட்டுவார்கள். உங்கள் 5600 அந்த 22 மாதிரி. 11,800 ஆகியிருந்தால் உங்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? அதே ஒரு பிளேட் அத்தோ. இரண்டு பிளேட் தரமாட்டார்கள்.

இந்த வகைக்கு சாட்டிலைட் என்று பேர், பெரிய டோர்னமென்டில் இடம் பிடிக்க ஆடும் சின்ன டோர்னமென்ட். 2003ல் கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் சாட்டிலைட்டில் ஆரம்பித்துத்தான் உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட்டுக்கே போனார். அங்கே 838 பேரை முந்தி 25 லட்சம் டாலர் வாங்கியது வேறு கதை. சாட்டிலைட்டில் இடம் பிடிக்கிற எல்லோருக்கும் ஒரே பரிசு. முதலாவது, மூன்றாவது என்பதே கிடையாது.

இப்போது ஃபோல்டு பண்ணியிருந்தால் என்ன ஆகும் பாருங்கள். உங்களிடம் 4600, அண்ணனிடம் 8800, சித்தப்பா பையனிடம் 3800, சின்னவனிடம் 800. அந்த 800 இரண்டே பிளைண்ட். அடுத்த கையில் சின்ன பிளைண்ட் போட்டால் 600 ஆகிவிடும், அதற்குள் கையில் எது வந்தாலும் அவன் தள்ளியாக வேண்டும். அவன் மூன்று பேரில் ஒருவனாக வருவது குதிரைக் கொம்பு. என் கணக்கில் நீங்கள் பத்துக்கு ஒன்பது தடவை ஓசி அத்தோ தின்பீர்கள். கால் பண்ணித் தோற்றால் பூஜ்யம். அப்படியென்றால் கால் சரியாக வேண்டுமானால் உங்களுக்கு வேண்டியது 39 இல்லை, 90.

மாடிவீட்டு மைனர்:

ஐயோ. இதை நான் யோசிக்கவே இல்லை. சிப்பைச் சிப்பாகவே எண்ணிவிட்டேன். ஒரு சந்தேகம்: 90 என்றால் ஏஸ் ஜோடி வந்தால்கூட ஃபோல்டா? மனசு கேட்குமா?

வியாசை ஸ்டிரைக்கர்:

221 கைக்கு ஒரு தடவை வரும் ஏஸ் ஜோடி. அதை ஒன்பது ஜோடிக்கு எதிரே வைத்தாலும் 80 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். 90 இல்லை. ஆக உங்கள் அத்தோ ஆட்டத்தில், அந்த இடத்தில், அண்ணன் தள்ளிய பிறகு, ஃபோல்டு. எனக்கும் கை நடுங்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் சின்னவன் தள்ளியிருந்தால் கதையே வேறு. அவனால் உங்களை வெளியேற்ற முடியாது, ஏஸ் ஜாக்கியோடு தாராளமாகக் கால் பண்ணலாம்.

இன்னொன்று, தப்பு கால் பண்ணும்போது ஆரம்பிக்கவில்லை. அந்த 1000லேயே ஆரம்பித்துவிட்டது. ரெய்ஸ் பண்ணும்போது ஜெயிக்க இரண்டு வழி உண்டு, எல்லோரும் ஃபோல்டு பண்ணலாம், இல்லை உங்கள் கை நிற்கலாம். கால் பண்ணும்போது ஒரே வழிதான். அதனால் ரெய்ஸுக்குப் போதுமான கை காலுக்குப் போதாது. உங்களுக்குப் பின்னால் பேச இருந்தவர்களில் உங்களை வெளியே அனுப்பக்கூடியவர் ஒருத்தர்தான், அதுவும் அடுத்த ஆளாகவே உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்தில் ஏஸ் ஜாக்கியைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடித்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:

ஒப்புக்கொள்கிறேன், பரிசு விஷயத்தை நான் கவனிக்கவில்லை. முதல் ஆளுக்குப் பாதிப் பரிசு என்கிற சாதாரண டோர்னமென்ட் என்று நினைத்துப் பதில் எழுதிவிட்டேன். அங்கேகூட பரிசுக்கு ஒரு ஆள் தள்ளி இருக்கும்போது 39 போதாது, இன்னும் கொஞ்சம் வேண்டும். ஆனால் ஏஸ் ஜோடியை ஃபோல்டு பண்ணச் சொன்னால் நான் மாடியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விடுவேன், சொல்லிவிட்டேன்.

ஹார்பர் ரெண்டாவது ஷிப்ட் (ராயபுரம்):

டேய் தம்பி, ஊருக்கே தெரியிற மாதிரி இங்கே எழுதி வைத்திருக்கிறாய், எனக்கு லிங்க் அனுப்பியது உன் சித்தப்பா பையன்.

நான் ஏன் தள்ளினேன் தெரியுமா? ஒன்பது ஜோடியை நம்பி இல்லை. நீ ஃபோல்டு பண்ணுவாய் என்று நம்பி. சின்னவன் சாகக் கிடக்கும்போது எவனாவது என்னோடு மோதுவானா என்று நினைத்தேன். நீ நோட்டில் 39 எழுதிப் பார்க்கிற ஆள் என்று அப்போது தெரியாது. நீ கால் என்றதும் எனக்குத்தான் வயிறு கலங்கியது. தோற்றிருந்தால் 1600தான் மிச்சம், நானும் சின்னவனும் ஒரே தராசில். உன்னை மாதிரி ஆளிடம் நான் தள்ளியதே தப்புதான், அதையும் எழுதிக்கொள். நாம் இரண்டு பேர் முட்டிக்கொண்டோம், பேஜோ தின்றது அவன்.

அடுத்த தடவை வரும்போது புது சீட்டுக்கட்டு வாங்கி வா. கிளாவர் நாலு ஓரத்தில் கிழிந்திருக்கிறது, தூரத்திலிருந்தே தெரிகிறது.

மாடிவீட்டு மைனர்:

அண்ணே, அது கிழிந்து மூன்று மாதம் ஆகிறது. இத்தனை நாள் தெரிந்துகொண்டேதான் ஆடினீர்களா?