முகாமுக்குள் சந்தை: நடுவிலா, வாசலிலா?

தராசுத்தட்டு: அகதி முகாம் சந்தைக்கு நண்பர் கோட்டுப்படம் நேற்று இங்கே போட்ட திட்டத்தைப் பார்த்தேன். முகாமின் நட்ட நடுவில் சதுரமாக 100 கடை, கூரையில் சூரியத் தகடு, அடியில் மழைநீர்த் தொட்டி, இதுதான் நீடித்த சந்தையாம். நடுவிலாம்! ஜோர்டானின் ஜாத்தாரி முகாம் 2012இல் திறந்தது. அங்கே கடைத்தெருவை யாரும் வரைந்து கொடுக்கவில்லை. வாசலிலிருந்து உள்ளே போகிற சாலையை ஒட்டித் தானாக முளைத்தது. சரக்கு இறங்குகிற இடத்தில்தான் வியாபாரம் நிற்கும்.

கோட்டுப்படம்: ஜாத்தாரி சுமார் 5 சதுர கிலோமீட்டர். கடைசி வரிசைக் கிழவி வாசல் வரை நடப்பாரா? தானாக முளைத்ததன் அழகையும் சொல்லுங்களேன்: தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டு, கடைக்குக் கடை வயர் இழுத்தார்கள்.

தராசுத்தட்டு: கொக்கி வேறு, வாசல் வேறு. 2017இல் ஜாத்தாரிக்கு 12.9 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததே, கடைத்தெரு நடுவுக்கு நகர்ந்ததா? உங்களைப் போன்றவர்கள் முன்கூட்டியே திட்டம் போட்ட அஸ்ராக் முகாம் 2014இல் திறந்தபோது தெருக்கள் நேர் நேராக இருந்தன. கடைத்தெருதான் இல்லை.

நிழல்மரம்: முதலில் 'நீடித்த' என்றால் என்ன? மின்சாரமா, கடனா, குப்பையா? கென்யாவின் ககூமா அகதி முகாமில் 2,000க்கு மேல் கடைகள் என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே அகதி வியாபாரி சரக்கெடுக்க வெளியே போவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும். இடம் அப்புறம்தான்.

தராசுத்தட்டு: வெளியே எதன் வழியாகப் போவார்? வாசல்! நான் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள், நன்றி.

நிழல்மரம்: நான் சொன்னது அதுவே இல்லை. ஜாத்தாரியில் 2016இல் கருவிழியைப் படிக்கும் கருவியில் கண்ணைக் காட்டி உணவு உதவிப் பணத்தைச் செலவழிக்கத் தொடங்கினார்கள், அதுவும் உதவி அமைப்போடு ஒப்பந்தம் போட்ட கடையில். தெருக்கடைக்காரனுக்கு அந்தக் கருவி கிடைக்கவில்லை. அவன் கடை எங்கே இருந்தால் என்ன?

பழையகணக்கு: விடுங்கள். பொதுக்கழிப்பறை பற்றிய விவாத இழையிலும் தராசு இப்படித்தான். கதவு எந்தப் பக்கம் திறக்கணும் என்று 40 பதிவு. என்னை 'அரைகுறை' என்றதற்கு மன்னிப்பு இன்னும் பாக்கி.

தராசுத்தட்டு: அந்தக் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கணும். இன்றைக்கும் சொல்வேன்.

கோட்டுப்படம்: 18 வருஷமாக வரைகிறேன்...

தராசுத்தட்டு: நான் கல்லாவில் உட்கார்ந்தவன். வாசலை விட்டு நாலு கடை தள்ளிப் போனாலே வியாபாரம் பாதி. ஆமாம், உங்கள் படத்தில் வேலி இருக்கிறது, வாசலே காணோமே?

கோட்டுப்படம்: இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். தெற்கே இரண்டு.

தராசுத்தட்டு: இரண்டா? யார் கேட்டது இரண்டு வாசல்?