ஒலிம்பிக் நடத்திய நாலு ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன்: லாபமா, நட்டமா?

வழிப்போக்கன்:
ஜெர்மனியில் விளையாட்டு மேலாண்மை முதுகலை படிக்கிறேன். வகுப்பில் 19 பேர் சேர்ந்து ஏதென்ஸ் (2004), மியூனிக் (1972), பாரிஸ் (2024), லண்டன் (2012) என்று இரண்டு வாரம் படிப்புப் பயணம் போய் வந்தோம். பெரிய போட்டி முடிந்தபிறகு அந்த ஊர் என்ன ஆகிறது என்பதுதான் பாடம். கிளம்பும்போது "எல்லாம் வெட்டிச் செலவு" கட்சியில் இருந்தேன், இப்போது இல்லை.

மாற்றியது மியூனிக். 1972-ல் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம் அள்ளிய நீச்சல் குளத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நானும் இறங்கினேன். பக்கத்துத் தடத்தில் ஒரு பாட்டி, தலைமுடி நனையாமல், தோழியோடு கதை பேசிக்கொண்டே நீந்திப் போகிறார். வெளியே வந்தால் ஒரு புல்மேடு, அதன் அடியில் இருப்பது போரில் இடிந்த வீடுகளின் கல்லும் செங்கல்லும். வீராங்கனைகள் தங்கிய இடத்தில் இப்போது மாணவர் குடியிருப்பு (பழையதை இடித்துவிட்டு அதே சாயலில் கட்டியது), ஒவ்வொருவரும் தன் வீட்டு முகப்பில் இஷ்டத்துக்கு பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருஷம் கழித்து 2022-ல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பை அதே பூங்காவில்தான் நடத்தினார்கள்.

என் கட்சி இதுதான்: ஊருக்கு ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்து, போட்டி அதற்குச் சாக்காக வந்தால் லாபம். திட்டமே போட்டிதான் என்றால், கட்டிய அரங்கங்கள் பாழாய்க் கிடந்த ஏதென்ஸ் கதை. சண்டைக்கு வாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
முதல் கேள்வி, சுற்றிக்காட்டியது யார்? அந்தந்தப் பூங்கா நிர்வாகத்தார்தானே? கல்யாண வீட்டில் சமையல்காரரிடமே "சாம்பார் எப்படி" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். லண்டன் 2005-ல் போட்டியை வாங்கும்போது சொன்ன செலவு சுமார் 240 கோடி பவுண்டு. இரண்டே வருஷத்தில், 2007-ல், அது 930 கோடி ஆனது. கடைசியில் அந்த 930-க்குள் முடித்ததை "பட்ஜெட்டுக்குள் முடித்தோம்" என்று கொண்டாடினார்கள். நான் வீடு கட்ட 24 லட்சம் என்று சொல்லி, பிறகு 93 என்று மாற்றி எழுதி, 90-ல் முடித்தால் என் மனைவி மாலை போடுவாளா? 1960-க்குப் பிறகு எந்த ஒலிம்பிக்கும் முதலில் சொன்ன தொகைக்குள் முடிந்ததில்லை என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வே சொல்கிறது.

ரயில்பைத்தியம்:
ஏதென்ஸை ஏன் எல்லோரும் சவுக்கால் அடிக்கிறீர்கள் என்று தெரியவில்லை. புது விமான நிலையம் 2001, மெட்ரோ 2000, டிராமும் புறநகர் ரயிலும் 2004. போட்டி இல்லாவிட்டால் இதெல்லாம் இன்னும் கோப்பாகவே கிடந்திருக்கும். இன்றைக்கு அங்கே போகிற சுற்றுலாப் பயணி எல்லோரும் அதில்தானே ஏறுகிறார்கள், அதை யாரும் வரவில் எழுதுவதில்லை.

வழிப்போக்கன்:
@ரயில்பைத்தியம் மெட்ரோ நல்ல மெட்ரோ, நானும் ஏறினேன். ஆனால் எல்லினிகோ போனீர்களா? 2001-ல் மூடிய பழைய விமான நிலையம். அந்த இடத்தில் சாஃப்ட்பால், பேஸ்பால், ஹாக்கி, துடுப்புப் படகு என்று அரங்கங்கள் கட்டினார்கள். கிரேக்கத்தில் பேஸ்பால் ஆடுகிறவர்களை ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம். போட்டி முடிந்ததும் புல் முளைத்தது, 2015-16-ல் அகதிகள் அந்தக் கட்டடங்களில்தான் தங்கினார்கள். இப்போது ஒரு தனியார் நிறுவனம் சொகுசுக் குடியிருப்பு கட்டுகிறது, கிரேன்களைத் தவிர எங்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை. முதன்மை அரங்கத்துக்கு கலத்ராவா என்ற கட்டடக் கலைஞர் போட்ட கூரை பாதுகாப்பில்லை என்று 2023-ல் அரங்கத்தையே மூடினார்கள். இருபது வருஷம்கூட நிற்காத கூரை! அதே ஊரில் 1896 போட்டி நடந்த பளிங்கு அரங்கம் இன்னும் கல்லு மாதிரி நிற்கிறது.

@கணக்குப்பிள்ளை ஆம், நிர்வாகத்தார்தான் காட்டினார்கள். அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
தம்பி, நான் லண்டன் ஒலிம்பிக் பூங்கா இருக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். உங்களுக்குக் காட்டிய பூங்கா வடிவான பூங்கா, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது வெறும் குப்பைமேடாகக் கிடந்தது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கிளேஸ் லேன் என்று ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு அங்கே இருந்தது. 400 பேருக்கு மேல் இருந்தார்கள், 2007-ல் இடித்தார்கள். அந்தச் சனத்தைப் பற்றி எந்தப் பலகையிலாவது வாசித்தீர்களா?

இன்னொன்று. ஜூபிலி லைன் சுரங்க ரயில் 1999-லேயே இங்கே வந்துவிட்டது. வெஸ்ட்ஃபீல்ட் கடைத்தொகுதிக்கான பெருந்திட்டத்துக்கும் போட்டி கிடைக்க முன்னமே அனுமதி கிடைத்தாயிற்று. எல்லாவற்றையும் ஒலிம்பிக் கணக்கில் வரவு வைக்காதீர்கள். எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்த மூன்று குடும்பம் வாடகை கட்ட முடியாமல் டாகன்ஹாம் பக்கம் போய்விட்டது.

வழிப்போக்கன்:
அண்ணா, நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தானே உதவுகிறது! திட்டம் முன்பே இருந்தது, போட்டி அதை ஓட வைத்தது. வீரர்கள் தங்கிய இடத்தில் 2,818 வீடுகள், அதில் கிட்டத்தட்ட பாதி கட்டுப்படியாகும் விலைக்கு என்று ஒதுக்கியவை.

ஈஸ்ட்ஹாம்வாசி:
யாருக்குக் கட்டுப்படியாகும், தம்பி? சந்தை வாடகை ஏறினால் அதுவும் பின்னாலேயே ஏறும். "கட்டுப்படியாகும்" என்பது லண்டனில் ஒரு சொல், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
லண்டன் அரங்கத்தை மறந்துவிட்டீர்களே. கட்டவும் பிறகு கால்பந்துக்கு ஏற்ப மாற்றவும் 70 கோடி பவுண்டுக்கு மேல். 2016-ல் வெஸ்ட் ஹாம் கழகத்துக்கு 99 வருஷக் குத்தகை, தொடக்க வாடகை வருஷத்துக்கு சுமார் 25 லட்சம் பவுண்டு. நாற்காலிகளை முன்னும் பின்னும் நகர்த்தும் செலவே அதைத் தின்றுவிடும். மிச்ச நட்டம் பொதுப்பணம். சொந்த வீட்டைக் கட்டி, வாடகைக்கு விட்டு, வாடகைக்காரருக்கு மின்கட்டணமும் நாமே கட்டுகிற தர்மப்பிரபு வேறு எங்கும் கிடையாது.

லாசப்பல்காரன்:
பாரிஸ் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, அதனால் நான். லா சப்பலில் நம் தமிழ்க் கடைத்தெருவில் இருந்து வடக்கே நடந்தால் போர்த் தெ லா சப்பல், அங்கே 8,000 பேர் உட்காரும் புது அரங்கம். சிந்து ஆடிய பாட்மிண்டன் அங்கேதான். முன்பு அந்தப் பக்கம் இருட்டிய பிறகு யாரும் போக மாட்டோம். இப்போது விளக்கு, மரம், சைக்கிள் பாதை. அது நன்மை. ஆனால் போட்டிக்கு முன்னால் தெருவில் படுத்திருந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு இந்தச் சைக்கிள் பாதையால் என்ன?

செயின் நதியில் 1923-லிருந்து குளிக்கத் தடை. சுமார் 140 கோடி யூரோ செலவழித்துச் சுத்தம் செய்து 2025 கோடையில் மூன்று இடத்தில் திறந்துவிட்டார்கள். நான் இன்னும் இறங்கவில்லை, மனம் வரவில்லை.

வழிப்போக்கன்:
நாங்கள் சாந்தெனி நீச்சல் மையத்தைப் பார்த்தோம். பாரிஸ் போட்டிக்கென்று நிரந்தரமாகப் புதிதாகக் கட்டியது அதுவும் உங்கள் அரங்கமும் போல மிகச் சில. மற்றதெல்லாம் இருந்தவை, இல்லாவிட்டால் பிரித்து எடுத்துப்போகும் தற்காலிகம். அந்த வட்டாரத்தில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் ஏராளம், குளங்கள் குறைவு. அதனால் அங்கே குளம் கட்டினார்கள். ஏதென்ஸில் பேஸ்பால் மைதானம் கட்டியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
பாடம் படித்துவிட்டார்கள் என்கிறீர்கள். இத்தாலியைப் பாருங்கள். டூரின் 2006 குளிர்கால ஒலிம்பிக்குக்கு சேசானாவில் கட்டிய பனிச்சறுக்கு வண்டித் தடத்தைச் சில வருஷத்தில் மூடினார்கள். 2026-க்கு கோர்ட்டினாவில் 10 கோடி யூரோவுக்கு மேல் கொட்டி, லார்ச் மரங்களை வெட்டி, மறுபடியும் புதுத் தடம். பக்கத்தில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் ஓடுகிற தடம் இருக்கிறது, இருக்கும் தடத்தையே பயன்படுத்துங்கள் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே சொன்னது. கேட்டார்களா? கௌரவப் பிரச்சினை. எந்தத் திட்டத்தையும் கௌரவம் வந்து தின்றுவிடும், அதை உங்கள் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:
கோர்ட்டினாவுக்கு என்னிடம் பதில் இல்லை, அது வெட்கக்கேடு. ஆனால் மியூனிக் மக்களிடம் 2013-ல் குளிர்கால ஒலிம்பிக் கேட்டபோது வேண்டாம் என்றார்கள், 2025 அக்டோபரில் கோடை ஒலிம்பிக்குக்கு மூன்றில் இரண்டு பங்குப் பேர் சரி என்றார்கள். 1972 அரங்கங்களை அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள் போட்ட ஓட்டு அது. ஹாம்பர்க் 2015-ல் வேண்டாம் என்றது, அதுவும் சரியே. முதலில் கேட்டார்களே, அது போதும்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

ரயில்பைத்தியம்:
@ஈஸ்ட்ஹாம்வாசி ஒரே ஒரு சந்தேகம் ஐயா. அந்தப் பூங்காவில் சாஹா ஹதீத் வடிவமைத்த நீச்சல் குளம் இருக்கிறதே, நீங்கள் எப்போதாவது போனதுண்டா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
நான் போனதில்லை. மகள் போகிறாள், சனிக்கிழமை காலை வகுப்பு. நான் வெளியே காரில் இருப்பேன்.

வழிப்போக்கன்:
அண்ணா!!!

ஈஸ்ட்ஹாம்வாசி:
குளம் நல்ல குளம் தம்பி. காரை நிறுத்தத்தான் காசு பிடுங்குகிறார்கள்.