பூளைமேட்டில் பூளைப்பூ விலைக்கு

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்ட ஒரு கொத்து பூளைப்பூவும் வேப்பிலையும் வாங்கி வந்தேன். திண்ணையில் இருந்த அப்பாரு (அப்பாவின் அப்பா), "ஏங்கண்ணு, பூளைமேட்டுல பூளைப்பூ விலைக்கா வருது?" என்றார்.

இந்தச் செடி மண்டிக் கிடந்த மேடு என்பதால்தான் கோவையில் உள்ள எங்கள் ஊருக்கே அந்தப் பேர் என்பார்கள். பலகையில் பீளமேடு என்றிருந்தாலும் அவர் வாயில் இன்றும் பூளைமேடுதான்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது எங்களுடையது கரிசல் காடு. பருத்தி, சோளம். கிணற்றில் மாடு பூட்டி, வடம் கட்டிய பறியால் தண்ணீர் இறைப்பார்கள்; கவலை என்று பேர். வடம் அறுத்த பள்ளம் உள்ள கல் ஒன்று இன்னும் எங்கள் பட்டறை வாசலில் கிடக்கிறது. வருகிறவர்கள் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அப்பாரு மட்டும் அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்ப்பார்.

மில்லும் ஃபேக்டரியும் வந்து விவசாயத்தை விழுங்கிவிட்டன என்று சொல்வது சுலபம். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின, கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. 1926-இலேயே பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக்கூடம் இங்கே இருந்ததால் இரும்பு வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் கிணற்றிலும் மோட்டார் இறங்கியது. அது எரிந்துபோகும்போதெல்லாம் வைண்டிங் கட்டுவதை வேடிக்கை பார்த்த பெரியப்பா, அதையே தொழிலாகக் கற்றுக்கொண்டார். அப்புறம் மாட்டுக் கொட்டகையில் இரும்பு கடைய ஒரு லேத்து. அப்பாவுக்கு அதில்தான் கை பழகியது.

அதே மோட்டார்தான் கிணற்றையும் உறிஞ்சியது. ஆழப்படுத்தினார்கள், போர் போட்டார்கள், தண்ணீர் இன்னும் கீழே போனது. பருத்தி தேறவில்லை, பம்பு உதிரிக்கு ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. 1981-இல் கோவை மாநகராட்சியானபோது எங்கள் காட்டில் பாதி ஏற்கெனவே சைட்டாகிவிட்டது. அதில் அப்பாருக்கு வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். "சோறு போட்டுச்சல்ல" என்றார். காட்டைச் சொன்னாரா லேத்தைச் சொன்னாரா, தெரியவில்லை.

சரி, காப்புக்கு வருகிறேன். வாசலில் செருகி முடித்ததும், "லேத்து ஷெட்டுக்கும் ஒண்ணு கட்டீரு" என்றார். கட்டிவிட்டுத் திரும்பினால், மிச்சமிருந்த இரண்டு காம்பை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பின்பக்கம் நடந்துகொண்டிருந்தார். கிணற்றை மூடிய சிமெண்ட் பலகை அங்கேதான் இருக்கிறது.