நஞ்சுக்கொடி விழும் முன் சீம்பால் விடலாமா?

உடுமலைக்காரன்:
எங்கள் கலப்பின மாடு விடியற்காலையில் கிடாரிக் கன்று போட்டது. தலையீத்து. நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. விழும்வரை கன்றை மடியில் விடாதே என்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா. கொடியை ஆலமரத்தில்தான் கட்ட வேண்டுமாம், அம்மாயி உத்தரவு. இருந்த ஒரே ஆலமரத்தையும் ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். என்ன செய்யட்டும்?

தோட்டத்து அக்கா:
தம்பி, முதலில் கன்றை அவிழ்த்து விடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போகணும். கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் வருகிறது. நேரம் போகப் போகக் குடல் அதை உறிஞ்சாது. பெரியப்பா சொல்வது தலைகீழ். கன்று முட்டி முட்டிக் குடித்தால்தான் கருப்பை சுருங்கிக் கொடியும் விழும். கழிச்சல் வரும் என்ற பயத்தில் எங்கள் மாமியாரும் முதல் பாலைக் கறந்து கீழே ஊற்றச் சொல்வார். வயிறு முட்ட ஒரே தடவையில் விடாதீர்கள், அவ்வளவுதான். 30 கிலோ கன்றென்றால் நாளைக்கு 3 லிட்டர், பிரித்துப் பிரித்து.

கொடி தொங்குகிறதே என்று கையால் இழுப்பது, கல்லைக் கட்டித் தொங்கவிடுவது எதுவும் வேண்டாம். 12 மணி நேரம் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அடித்தாலும் வண்டி வரும்.

ஆலமரத்தில் கட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். பால் வடியும் மரம், மடியிலும் பால் ஊறும் என்பது நம்பிக்கை. ஆனால் கீழே கிடந்தால் மாடே தின்னப் பார்க்கும், இல்லையா நாய் இழுத்துப் போகும். வைக்கோலில் சுற்றிச் சாக்கில் போட்டு உயரத்தில் கட்டினால் இரண்டும் நடக்காது. அடியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்!

தென்காசி மாட்டுக்காரன்:
மரம் இல்லையென்றால் புதையுங்கள். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடி, மேலே முள் போட்டுவிட்டால் நாய் கிளறாது. எங்கள் பக்கம் இப்போது பாதிப் பேர் இப்படித்தான்.

உடுமலைக்காரன்:
கன்று குடித்துவிட்டது. மதியத்துக்குள் கொடியும் விழுந்தது, புதைத்தாச்சு. அம்மாயி முகம் கொடுத்துப் பேசவில்லை.

தோட்டத்து அக்கா:
தைப்பொங்கலுக்குச் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். பால் கொடுத்து, ஒரு மண் உருவாரமும் (மாட்டுப் பொம்மை) வாங்கி வைத்தால் சமாதானமாகிவிடுவார். கன்று குடித்தது போக மிஞ்சிய சீம்பாலில் வெல்லம், ஏலக்காய் போட்டு ஆவியில் வேகவைத்துப் பெரியப்பா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்புங்கள்.