மறு: எண்ணெய் சேர்க்கும் ஈஸ்டுக்கு ஒரு சொல் (அவசரம்)

எல்லோருக்கும் வணக்கம். பாடப்பகுதி நாளை அச்சுக்குப் போகிறது.

> 'எண்ணெய் ஈஸ்ட்' போதும். படிக்கிற பிள்ளைக்குப் புரியும்.

என்னவென்று புரியும்? எண்ணெயைச் சேர்க்கும் ஈஸ்ட், தின்னும் ஈஸ்ட், எண்ணெயில் வளரும் ஈஸ்ட்: உருபும் பயனும் தொக்கால், அதாவது வேற்றுமை உருபும் அதை விளக்கும் சொல்லும் மறைந்து நின்றால், மூன்றுக்கும் இடமுண்டு. குதர்க்கம் இல்லை, யாரோவியா லிப்போலிட்டிக்கா என்ற ஈஸ்ட் கொழுப்பைத் தின்னவும் செய்யும், சேர்க்கவும் செய்யும். நமக்கு வேண்டியது சேர்க்கும் குணம். உலர் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு இருந்தால்தான் இந்த வகையில் வைப்பார்கள்; ரொட்டி ஈஸ்ட் சாதாரணமாக அதை எட்டாது. வைக்கோல், மரத்தூளின் செல்லுலோசை நொதிகளால் (என்சைம்) உடைத்துச் சர்க்கரையாக்கி ஊட்டுகிறோம். சர்க்கரை ஏராளம், நைட்ரஜன் மட்டும் பஞ்சம் என்றானதும் செல் பெருகுவதை விட்டுவிட்டு, மிஞ்சிய கார்பனை டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் துளிகளாக உள்ளே அடைத்துக்கொள்கிறது. அதைப் பிரித்து மெத்தனாலோடு வினைபுரிய வைத்தால் பயோடீசல்.

> அப்படியானால் 'கொழுப்பு ஈஸ்ட்'?

வகுப்பு சிரித்து முடிக்கவே மணி அடித்துவிடும்.

> 'நெய்ம்மதுவம்' என்க. எண்ணெய் என்பதே எள்+நெய். ஈஸ்டில் எள் ஏது?

மண்ணெண்ணெயில் மட்டும் எள் இருக்கிறதா, ஐயா? 'நெய்ம்மதுவம்' என்பதில் நடுவே மிகும் மகர ஒற்று சரிதான். குறிலை அடுத்த யகர ஒற்றின் முன் மெல்லினம் மிகலாம் என்று நன்னூல் இடம் தருகிறது, மிகலாம்தான், கட்டாயமில்லை. பழம்பாடல்களில் நெய் தேனையும் குருதியையும் கூடக் குறிக்கும், குருதியைச் சொல்லும் 'நெய்த்தோர்' அந்த வழி வந்ததே. இன்றைய மாணவருக்கோ நெய் என்றால் உருக்கிய வெண்ணெய். மதுவம், ஈஸ்டுக்கு இலங்கைப் பாடநூல்களில் பழகிய அழகான சொல். ஆனால் யாரோவியா மது வடிப்பதே இல்லை! அதோடு, அங்கே நொதியம் என்பது நம் நொதி; ஒரே பத்தியில் இரண்டு மரபும் கலந்தால் குழப்பம்.

ஆகவே 'எண்ணெய்சேர் ஈஸ்ட்' என்றே போடுகிறேன். களைத்துப்போன பெரும்பான்மை அந்தப் பக்கம்தான். வினைத்தொகை என்பதால் முக்காலமும் அடங்கும். 'சேர்' ஏவல்போல ஒலிக்கிறது என்ற மறுப்பு தீரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். மதுவம் அடிக்குறிப்பில் வரும். ஐயா அதற்கும் கோபிப்பார்.

இன்னொன்று: வைக்கோல், மரத்தூளிலிருந்து கிடைக்கும் மற்றொரு சர்க்கரையான சைலோசுக்கு 'மரச்சர்க்கரை' போதுமா? இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.