புதுப்பிப்பு: கோல்ஃப் ஆடாதவர் செயின்ட் ஆண்ட்ரூஸ் போகலாமா?

மட்டையே பிடித்திராதவனை ஸ்காட்லாந்தின் அந்தப் பழைய கடலோர மைதானத்துக்குள் விடுவார்களா என்று மாட்டுங்காவிலிருந்து இங்கே கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டேன். தாராளமாக விடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை போனால். பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிறுகளில் ஓல்டு கோர்ஸ் என்கிற அந்த மைதானத்தில் ஆட்டம் கிடையாது, ஊருக்கே பூங்காவாகிவிடும். நாயும் தள்ளுவண்டிக் குழந்தையுமாகக் குடும்பங்கள் உலாவுகின்றன. மும்பையில் கிளப் மதில்களை வெளியிலிருந்தே பார்த்துப் பழகிய எனக்கு நம்பவே முடியவில்லை.

மைதானத்து ஓடையின் மேலுள்ள கல்பாலமான ஸ்வில்கன் பாலம் படத்தில்தான் கம்பீரம். நேரில் நாலு எட்டு வைத்தால் கடந்துவிடலாம். அதற்கும் படமெடுக்க வரிசை! என்னை நிறுத்திவைத்தது 17-ஆம் குழி அருகிலுள்ள மணல் பள்ளம். புல்லோடு வெட்டிய மண்பாளங்களைச் செங்கல் போல அடுக்கிச் செங்குத்தாகச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பந்து அடியில் ஒட்டிக்கொண்டால் பின்பக்கமாக அடிப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொரு வேடிக்கை: பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பச்சைத்திட்டுகளில் 7-இல் இரண்டிரண்டு குழிகள். 2-உம் 16-உம், 5-உம் 13-உம் என எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18.

ஆடவே விரும்புகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகக் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். ஆட்டத் திறனின் அளவைக் காட்டும் ஹேண்டிகேப் சான்று அவசியம். ரயில் ஊருக்குள் வராது, லூகர்ஸில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். மழைச்சட்டையே போதும்.